சுமை இறங்கிய எலும்பு

2007 அக்டோபர் 10 அன்று கஸகஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயூஸ் டிஎம்ஏ-11 கிளம்பியபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். கலத்துக்குப் பொறுப்பு ரஷ்யாவின் யூரி மாலென்சென்கோ. இன்னொருவர் அமெரிக்காவின் பெகி விட்சன். அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குத் தலைமை ஏற்கவிருந்த முதல் பெண். மூன்றாவது இருக்கையில் மலேசியாவின் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர். கர்நாடகத்தின் மணிப்பாலில் மருத்துவம் படித்தவர். சிரம்பான், கோலாலம்பூர், செலாயாங் மருத்துவமனைகளில் பணியாற்றிவிட்டு, செராஸ் பண்டார் துன் ரசாக்கில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எலும்பியலுக்கு வந்தவர். விண்வெளி மனித உடலில் எதைத் தின்கிறதோ, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை மலேசியா மேலே அனுப்பியது. ஆனால் அவர் அக்டோபர் 21 அன்று தரையிறங்கிவிட்டார். அவருடன் ஏறிய இருவரும் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அங்கேயே தங்கினார்கள். எலும்பு மருத்துவருக்குப் பதினோரு நாள். எலும்பை இழக்கப் போகிறவர்களுக்கு ஆறு மாதம்.

இந்த முரணைப் பலரும் மலேசிய விண்வெளித் திட்டத்தின் குறையாகவே பார்த்தார்கள். 2003-இல் ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தின் பக்க விளைவாகக் கிடைத்த இருக்கை அது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்துக் கடைசி நால்வரில் பொறியியலாளர் சிவ வனஜாவும் இருந்தார் என்பது நம்மவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். புற்றுநோய்ச் செல்கள், நுண்ணுயிர்கள், புரதப் படிகங்கள் என்று சில ஆய்வுகள் நடந்தன. எலும்பின் அடர்த்தி குறைவதைக் காண அந்த நாள்கள் போதாது என்பது அன்றே தெரிந்த விஷயம். இதை வைத்துப் பணம் வீணானது என்று ஒரு தரப்பும், நாட்டின் பெருமை என்று மறு தரப்பும் வாதிட்டன. இரு தரப்பும் ஒன்றை மறந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. விண்வெளியில் நேரும் எலும்பு இழப்பு விண்வெளியில் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. அது மருத்துவமனைக் கட்டிலில் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே போய், அங்கே கடுமையாகச் சோதிக்கப்பட்டு, மறுபடி கட்டிலுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைப் படிக்க மலேசியா ராக்கெட் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் என்றுமே இருந்ததில்லை. செராஸ் வார்டுகளிலேயே அதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

கட்டிலின் கதையிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்துக்கு ஓய்வின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860-களில் ஓய்வையும் வலியையும் பற்றி எழுதிய நூல் பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாக இருந்தது. எலும்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டை அசையாமல் நீண்ட காலம் வைத்திருப்பதே சிகிச்சை என்றார். பிரிட்டிஷ் மருத்துவம் போன இடமெல்லாம் இந்த நம்பிக்கையும் போனது, மலாயாவும் விதிவிலக்கல்ல. தொடை எலும்பு முறிந்தவரை, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைப்பது நெடுநாள் நீடித்த வழக்கம். முறிந்த இடம் கூடியது. மற்ற எலும்புகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர் குறைவு. இத்தனைக்கும் 1892-இலேயே பெர்லினில் ஜூலியஸ் வோல்ஃப், எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று எழுதிவிட்டார். சுமை கூடினால் எலும்பு கெட்டிப்படும் என்பதை ஏற்றவர்கள், சுமை இறங்கினால் அது கரையும் என்ற மறுபாதியைக் கட்டிலில் கிடப்பவருக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்திப் பார்த்தது இரண்டாம் உலகப் போர்க் காலம். காயம்பட்ட வீரர்களை விரைவில் எழுப்பி நடக்க வைத்தால் அவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதை ராணுவ மருத்துவமனைகள் கண்டன. 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படுக்கையின் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் டைட்ரிக், வீடன், ஷோர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வுதான் நம் கதைக்கு அடிக்கல். எந்த நோயும் இல்லாத நான்கு இளைஞர்கள். அவர்களை இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டில் பொருத்தி ஆறேழு வாரம் படுக்க வைத்தார்கள். உண்டதை எல்லாம் நிறுத்தார்கள். சிறுநீரையும் மலத்தையும் ஒன்று விடாமல் சேகரித்துக் கால்சியத்தைக் கணக்கிட்டார்கள். முதல் சில நாள்களிலேயே சிறுநீரில் கால்சியம் ஏறத் தொடங்கியது. வாரங்கள் செல்லச் செல்ல மேலும் ஏறியது. முறிவும் இல்லை, தொற்றும் இல்லை, முதுமையும் இல்லை. படுத்திருந்தது ஒன்றுதான் காரணம். அடுத்து அதே குழு, ஆடும் கட்டில் ஒன்றில் இளைஞர்களைப் படுக்க வைத்தது. தலைப்பக்கமும் கால்பக்கமும் மாறி மாறித் தாழ்ந்து உயரும் அந்தக் கட்டிலில் இழப்பு குறைந்தது. கொஞ்சம் எடை, விட்டு விட்டுக் காலில் இறங்கினாலும் எலும்பு அதை உணர்கிறது என்பதற்குக் கிடைத்த தொடக்ககாலச் சான்று அது. 1949-இல் இதை எழுதியவர்களுக்கு விண்வெளிப் பயணம் கற்பனையில்கூட இருந்திருக்காது.

அமெரிக்கா மனிதனை விண்ணுக்கு அனுப்பத் தொடங்கியபோது இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. 1965-இல் ஜெமினி 4, 5, 7 ஆகிய பயணங்களில் சென்றவர்களின் குதிகால் எலும்பை, போகும் முன்பும் வந்த பின்பும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். நான்கு நாள், எட்டு நாள், பதினான்கு நாள் பயணங்களுக்கே பெரிய இழப்பு என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு அளவீட்டு முறையைத் திருத்தியபோது அந்த எண்கள் கணிசமாகக் குறைந்தன. குறுகிய பயணத்தின் எலும்புக் கணக்கை நம்பக்கூடாது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. ஷேக் முஸாபாரின் நாள்கள் எலும்பைப் பற்றி எதுவும் சொல்லாதது அவருடைய குறையோ திட்டத்தின் குறையோ அல்ல. எலும்பு அவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை.

நம்பத்தகுந்த கணக்கு 1973-இல் ஸ்கைலேப் நிலையத்தில் கிடைத்தது. அந்தக் கால்சிய ஆய்வுக்குப் பொறுப்பேற்றவர் யார் என்று பார்த்தால், மாவுக்கட்டுப் போட்ட நான்கு இளைஞர்களை ஆராய்ந்த அதே டொனால்ட் வீடன்! கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அதே முறை, வேறு கட்டில். 28, 59, 84 நாள்கள் என மூன்று குழுக்கள் தங்கின. வீரர்கள் பயணத்துக்கு முன்பும் மேலேயும் திரும்பிய பின்பும் அளந்து வைத்த உணவையே உண்டார்கள்; சிறுநீரின் மாதிரிகளை உறையவைத்தும் மலத்தை உலர்த்தியும் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். ராக்கெட்டின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கும் நிறுவனம் இதற்கு இடம் ஒதுக்கியது என்றால், அந்தக் கேள்வியை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். விடை 1948-இன் மறுபதிப்பாகவே வந்தது. சிறுநீரில் கால்சியம் விரைவில் ஏறியது, ஏறிய நிலையிலேயே நீடித்தது. விண்வெளியின் கதிர்வீச்சோ காற்றழுத்தமோ வேறு ஏதோ மர்மமோ தேவைப்படவில்லை. காலில் எடை இறங்காதது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதற்கு இன்னும் உறுதியான சான்று ரஷ்யாவின் மீர் நிலையத்திலிருந்து வந்தது. மாதக்கணக்கில் தங்கிய வீரர்களின் உடலைப் பகுதி பகுதியாக அளந்து 2000-இல் வெளியான ஆய்வின்படி, முதுகெலும்பில் மாதம் சுமார் 1 சதவீதமும், தொடை எலும்பின் மேற்பகுதியில் 1 முதல் 1.5 சதவீதம் வரையும் குறைந்திருந்தன. கைகளில் ஏறக்குறைய எதுவும் குறையவில்லை. உடல் முழுவதையும் தாக்கும் ஒரு நஞ்சோ சத்துக்குறைவோ காரணமாக இருந்தால் கையும் காலும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். விண்வெளியில் கைதான் ஓயாமல் வேலை செய்கிறது. பிடித்துத் தள்ளி நகர்வது கையால்தான். காலுக்கு அங்கே வேலையே இல்லை. தன் பங்குச் சுமையை இழந்த எலும்புதான் தேய்கிறது. எலும்புக்குள் பழைய பகுதியைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்தபடி இருக்கின்றன. எலும்பின் உள்ளேயே புதைந்திருக்கும் மூன்றாவது வகைச் செல்கள் சுமையை உணர்ந்து இவ்விரண்டுக்கும் தகவல் தருகின்றன. சுமை நின்றதும் கரைப்பது ஓங்குகிறது, கட்டுவது பின்தங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஓர் ஆண்டில் நேரும் இழப்பு, விண்வெளி வீரருக்கு ஓரிரு மாதத்தில் நேர்கிறது. கரைந்த கால்சியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அங்கே கல் உண்டாகும் ஆபத்தும் கூடுகிறது.

அப்படியானால் உடற்பயிற்சி செய்தால் போதுமே என்பது இயல்பான கேள்வி. இந்த வரலாற்றில் நம் அன்றாடத்துக்கு மிகவும் பயன்படும் பகுதி இதன் விடைதான், ஏனென்றால் விடை நாம் எதிர்பார்ப்பது அல்ல. மீரில் இருந்தவர்களும் பயிற்சி செய்தார்கள். இழுவைப் பட்டைகளை உடலில் மாட்டி டிரெட்மில்லில் ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். இதயமும் தசையும் ஓரளவு காப்பாற்றப்பட்டன, இடுப்பெலும்பு காப்பாற்றப்படவில்லை. அனைத்துலக நிலையத்தில் முதலில் வைத்த எடைப்பயிற்சிக் கருவி சுமார் 136 கிலோ வரைதான் எதிர்ப்புத் தந்தது. விண்வெளியில் உடலின் எடையே இல்லாதபோது, தரையில் உடலும் சேர்ந்து தரும் சுமையை ஈடுகட்ட அது போதவில்லை. அதைப் பயன்படுத்தியவர்களும் மீர் வீரர்களைப் போலவே எலும்பை இழந்தார்கள். விட்சனும் மாலென்சென்கோவும் தங்கிய மாதங்களில் அங்கிருந்தது அந்தப் பழைய கருவிதான். 2008 நவம்பரில் எண்டவர் விண்ணோடம் புதிய கருவியைக் கொண்டுசேர்த்தது. வெற்றிட உருளைகளால் 272 கிலோ வரை எதிர்ப்புத் தரும் அதில் வீரர்கள் குந்தி எழுந்தார்கள், தரையிலிருந்து தூக்குவதுபோல் இழுத்தார்கள். போதிய உணவும் வைட்டமின் டி-யும் கூடவே கிடைத்தன. 2012-இல் வெளியான ஆய்வு, இவர்களின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் நிலைத்திருந்ததைக் காட்டியது. 1973-இல் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மெல்ல நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் எலும்பைக் காக்காது. எலும்பைக் காப்பது கனமான சுமை.

இதை வெற்றி என்று முடித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அடர்த்தி நிலைத்தவர்களிடமும் கரைப்பு குறையவில்லை. கட்டுவது கூடியதால்தான் கணக்கு சமமானது. அப்படிக் கட்டப்பட்ட எலும்பின் உள்ளமைப்பு பழையபடி இருக்குமா என்பது வேறு கேள்வி. 2022-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகக் குழு 17 வீரர்களின் கணைக்கால் எலும்பை நுண்ணிய படமெடுத்துப் பார்த்தபோது, திரும்பி ஓர் ஆண்டு கழிந்தும் 9 பேருக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களின் நிரந்தர இழப்பு, தரையில் பத்தாண்டு முதுமையில் நேரும் இழப்புக்குச் சமம். அடர்த்தி எண் மட்டும் பார்த்து எலும்பு தேறிவிட்டது என்று சொல்லும் வழக்கத்துக்கு இது பலமான எச்சரிக்கை. செராஸிலும் அந்த எண்ணை நம்பித்தான் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். விண்வெளி வீரர்கள் நாற்பதுகளில் இருக்கும், ஆயிரத்தில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்வாகு உடையவர்கள். வார்டில் படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டியின் எலும்பு தேய்ந்தது ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால், சுமை குறைந்ததால் அல்ல என்பார்கள். காரணம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹார்மோன் குறைவு உடலின் எல்லா எலும்புகளையும் தொடுகிறது; எடையின்மை கால், இடுப்பு, முதுகை மட்டும் தொடுகிறது. செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் பேராசிரியர் இமா நிர்வானா சுலைமானும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வு இந்த முதல் காரணத்தையே பின்தொடர்ந்தது. செம்பனை எண்ணெயிலும் வேறு சில தாவரங்களிலும் உள்ள டோகோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகை, சினைப்பை அகற்றப்பட்ட எலிகளின் எலும்பைக் காக்கிறதா என்று அவர்கள் தேடினார்கள். நம்பிக்கை தரும் முடிவுகளும் வெளியாயின. மலேசியா தன் மண்ணில் விளைவதை வைத்துத் தன் நோய்க்கு மருந்து தேடும் அந்த முயற்சி எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஆனால் பாட்டியின் கதையில் இரண்டு காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஹார்மோன் குறைந்து மெலிந்த எலும்பு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து முறிகிறது. அதன்பின் மாதக்கணக்கில் படுக்கை. அந்தப் படுக்கையில் நடப்பது ஸ்கைலேப்பில் நடந்ததேதான். முதல் முறிவைத் தடுக்க ஹார்மோனின் கதை உதவும். இரண்டாவது முறிவைத் தடுக்க விண்வெளியின் கதை வேண்டும்.

இந்த இரண்டாவது கதை மலேசியாவில் எத்தனை பேரைத் தொடுகிறது? 1997-இன் கணக்குப்படி ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஒரு லட்சத்துக்கு 90 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சீனர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைவு. நம் பெண்கள் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நடந்ததுதான் காரணம் என்று சொல்ல ஆசை வரலாம். அந்த எண்ணிலிருந்து அப்படி ஒரு காரணத்தை எடுக்க முடியாது. உடல்வாகு, உணவு, கணக்கெடுப்பு என எத்தனையோ அதில் கலந்திருக்கின்றன. இவ்வளவு மட்டும் சொல்லலாம்: அந்தத் தலைமுறை சுமந்த சுமையை, கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த அடுத்த தலைமுறை சுமக்கவில்லை. லிஃப்ட், கார், நாற்காலி என்று நகரும் நாளில் இடுப்புக்கு எங்கே வேலை?

இதற்கு எழும் அடுத்த மறுப்பு, தேய்ந்த எலும்போடு இருக்கும் மூத்த பெண்ணைக் கனம் தூக்கச் சொல்வது ஆபத்து என்பது. நம் வீடுகளில் இது மறுப்பாகக்கூட வராது, அன்பாகவே வரும். தண்ணீர்க் குடத்தைக் கையிலிருந்து பிடுங்கி, உட்காருங்கள் அம்மா என்போம். இந்த அக்கறை எலும்புக்கு உதவுவதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் நடந்த சோதனை 2018-இல் வெளியானது. பாதிப் பேர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் உண்மையான கனத்தைத் தரையிலிருந்து தூக்கினார்கள், தோளில் வைத்துக் குந்தி எழுந்தார்கள், தொங்கிக் குதித்தார்கள். எட்டு மாத முடிவில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. பயந்தபடி முறிவுகள் நிகழவில்லை. விண்வெளிக் கருவியில் வீரர்கள் செய்வதும் இதே தூக்குதலும் குந்தி எழுதலும்தான். கண்காணிப்பு இல்லாமல் யாரும் வீட்டில் இதைத் தொடங்கக்கூடாது. முறிவின் வரலாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆனால் அந்தக் கண்காணிப்பைத் தருவது சமூக மருத்துவத்தின் வேலை. முடியாது என்று விட்டுவிடுவதற்கு அது காரணமாகாது.

விண்வெளி அனுபவம் உதவாத எல்லை ஒன்றும் உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை நிற்கும் அதே ஜாலான் யாக்கோப் லத்திப் சாலையில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்திலும் வேலையிடத்திலும் முதுகுத்தண்டு அடிபட்டு வரும் இளைஞர்களுக்குத் தரையில் விண்வெளிக்கு மிக அருகில் இருக்கும் உடல்நிலை ஏற்படுகிறது. காயத்துக்குக் கீழே உள்ள எலும்பு முதல் ஓராண்டு, ஈராண்டுக்குள் விண்வெளி வீரரைவிடவும் வேகமாகத் தேய்கிறது. பிறகு சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போதே முழங்காலுக்கு மேலும் கீழும் முறிவு நேர்கிறது. அப்படி அடிபட்டவரிடம் 272 கிலோ கருவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. விண்வெளி வீரருக்குத் திரும்பி வர ஒரு தரை இருக்கிறது; இவருக்கு இல்லை. இவருக்குச் சுமை தர இருக்கும் வழிகள் நிற்க வைக்கும் சட்டம், தசையை மின்சாரத்தால் இயக்கும் சிகிச்சை போன்றவை. அவற்றின் பயன் மட்டுப்பட்டது. ஆனால் வீடன் 1948-இல் கண்டது இங்கே முழுதாகப் பொருந்தும்: கால்சியம் முதல் வாரங்களிலேயே கசியத் தொடங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்ட விண்வெளி வீரர்களிடம், கனமான பயிற்சியுடன் சேர்ந்து அது இழப்பைத் தடுத்ததை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பயணத்துக்கு முன்பே அவர்கள் அதைத் தொடங்கியிருந்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த முன்கூட்டிய வாய்ப்பு இல்லை என்பதால்தான், அவருடைய எலும்பு அடர்த்தியை வீடு திரும்பும் நாள்வரை தள்ளிப்போடாமல் வார்டில் சேர்ந்த முதல் வாரங்களிலேயே அளந்து, மருந்து வேண்டுமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.